ஹாக்கி காதல் நாவலை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

முதலில் ஒன்று: ஹாக்கி வீரன் நாயகனாக வரும் இந்தக் காதல் கதைகளில் இருப்பது தயான் சந்த் ஆடிய ஹாக்கி இல்லை, பெரும்பாலும் பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து படித்த என் அத்தை மகள், "பந்து எங்கேடி?" என்று கேட்டாள். பந்து கிடையாது, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. அணிக்கு 6 பேர், 20 நிமிடமாக 3 பகுதி, சின்னத் தப்புக்கு 2 நிமிடம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும் (அங்கிருந்து நாயகியை முறைக்கும் காட்சி எப்படியும் வரும்). இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்புறம், கொடுக்கும் முன் கேளுங்கள்: சண்டையில் தொடங்கும் காதலா, பொய்க்காதல் நிஜமாவதா, நண்பனின் தங்கையா? படுக்கையறைக் காட்சி இருந்தால் சொல்லிவிடுங்கள். அட்டையில் கார்ட்டூன்தானே என்று நம்பிச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.