சாப்மிக்குப் போகிறவர்களுக்கு

முதலில் பெயர். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து ஆகிய மூன்றின் வடபகுதியும், ரஷ்யாவின் கோலா தீபகற்பமும் சேர்ந்த நிலத்தை அதன் பூர்வகுடிகளான சாமி மக்கள் 'சாப்மி' என்கிறார்கள். 'லாப்லாந்து' ஃபின்லாந்தில் இன்றும் ஒரு மாகாணத்தின் பெயர், அதனால் பேருந்துச் சீட்டிலும் வரைபடத்திலும் இருக்கும். ஊரைக் குறிக்க அதைச் சொல்லலாம். ஆனால் ஒரு மனிதரை 'லாப்' என்று அழைப்பது வசை. தமிழில் 'சாமி' என்றால் கடவுள் என்பதால், எழுதும்போது 'சாமி மக்கள்', 'சாமி மொழி' என்று சேர்த்தே எழுதுங்கள், குழப்பம் வராது.

அடுத்தது எந்த ஊரில் இறங்குவது என்பது. இங்கேதான் பெரும்பாலான பயணத் திட்டங்கள் தவறுகின்றன. கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊராக விளம்பரப்படுத்தப்படும் ரொவானியெமியை எல்லோரும் சாமி மக்களின் ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபின்லாந்து சட்டப்படி சாமி தாயகம் என்பது எனொந்தெகியொ, இனாரி, உட்ஸ்யோகி நகராட்சிகளும் சோதன்க்யூலாவின் வடபகுதியும் மட்டுமே. ரொவானியெமி அதற்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து இனாரிக்கு சுமார் 330 கிலோமீட்டர். பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நேரம் குறைவாக இருந்தால் ஹெல்சின்கியிலிருந்து இவலோவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து 40 கிலோமீட்டர் சாலைவழியே இனாரியை அடையலாம்.

இனாரியில் 'சீடா' அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஹெல்சின்கியில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாமி பொருள்களை ஃபின்லாந்து தேசிய அருங்காட்சியகம் 2021-இல் இங்கே திருப்பி ஒப்படைத்தது. நார்வே பக்கம் காரஸ்யோக், கௌடுகெய்னொ ஆகிய இரண்டும் சாமி மொழி தெருவிலும் கடையிலும் கேட்கும் ஊர்கள். ஸ்வீடனில் யொக்மொக், அங்கே 1605 முதல் நடக்கும் குளிர்காலச் சந்தை பிப்ரவரி மாதத்தின் முதல் வியாழனில் தொடங்குகிறது. அந்த மூன்று நாளுக்கு ஊரில் அறை கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் வேறு ஊரில் தங்கித் தினமும் வந்துபோக வேண்டியிருக்கும்.

மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். ரஷ்யப் பகுதிக்கு இது செல்லாது. இன்னொரு சிறு விஷயம் பலரைப் பேருந்தைத் தவறவிட வைக்கிறது: காரஸ்யோக்கும் இனாரியும் சுமார் 120 கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் ஃபின்லாந்து நேரம் நார்வேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எல்லையருகே கைபேசி பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பிடித்து நேரத்தைத் தானாக மாற்றிவிடும். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்வது நல்லது.

எப்போது போவது? சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பிரிக்கிறார்கள். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற நான்கில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இடைப்பருவம். நாம் இளவேனில், முதுவேனில், முன்பனி, பின்பனி என்று பிரித்ததைப் போல இதுவும் வேலையோடும் வானிலையோடும் ஒட்டிய கணக்கு. அரோரா எனப்படும் துருவ ஒளியை இரவு வானில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் ஒளி இல்லாமல் போவதில்லை, வானம் இருட்டுவதில்லை, அவ்வளவுதான். பனியும் வேண்டும், பகல் வெளிச்சமும் வேண்டும் என்றால் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் பனியில் பட்டுக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி அவசியம். ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கொசு கூட்டம் கூட்டமாக வரும். தலையில் மாட்டும் வலைத்தொப்பி இல்லாமல் காட்டுக்குள் நடக்க முடியாது.

'ஆறு மாதம் இரவு, ஆறு மாதம் பகல்' என்று பள்ளியில் படித்தது துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். சாப்மியின் வடக்கு ஊர்களில் சூரியன் எழாத காலம் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. அப்போதும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், பனி அதை இரட்டிப்பாக்கும். வெளியே நடக்க, படமெடுக்க அதுவே போதும்.

குளிரையும் ஒரே அளவாக நினைக்காதீர்கள். வட அட்லாண்டிக் நீரோட்டம் சூடான நீரைக் கொண்டுவருவதால் நார்வேக் கடற்கரைத் துறைமுகங்கள் உறைவதில்லை. துரோம்சோவில் ஜனவரி மாதச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரிதான். உள்நாட்டுக்குள் போனால் கதை வேறு. காரஸ்யோக்கில் 1886 ஜனவரி 1 அன்று பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றும் நார்வேயின் சாதனை. ஆகவே இரண்டு இடத்துக்கும் போகிறவர் உள்நாட்டுக்கு ஏற்றபடி மூட்டை கட்ட வேண்டும்.

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத மேலங்கி. பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸும் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கால் சில்லிடுகிறது என்று மூன்றாவது சாக்ஸைத் திணிப்பது எல்லோரும் செய்யும் பிழை. காலணி இறுகினால் இரத்த ஓட்டமும் குறையும், சூட்டைக் காக்கும் காற்றுக்கும் இடமில்லாமல் போகும். ஒரு அளவு பெரிய காலணி வாங்கி, இரண்டு சாக்ஸோடு நிறுத்துங்கள். கைக்கு மெல்லிய விரலுறை, மேலே நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் தடித்த உறை. கைபேசியையும் உபரி பேட்டரியையும் சட்டைக்குள் வையுங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். இல்லையென்றால் சூடான காற்றின் ஈரம் லென்ஸுக்குள் படிந்துவிடும்.

இனி ரெயின்டீர் எனும் பனிமான். வடக்கே போகிறவருக்கு இதைப் பற்றித் தெரிந்திருப்பது எதையும்விட முக்கியம். சாலையில் நிற்கும் பனிமான் காட்டு விலங்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. காதில் வெட்டியிருக்கும் அடையாளம் யாருடையது என்று சொல்லும். பெண் மானுக்கும் கொம்பு உண்டு. ஆண் மான்கள் முன்குளிர்காலத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும், சினையாக இருக்கும் பெண் மான்கள் வசந்தத்தில் கன்று ஈனும்வரை வைத்திருக்கும்.

குளிர்காலத்தில் அது பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்று வாழ்கிறது. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கோடையில் காய்ந்து கிடக்கும்போது மிதித்தால் நொறுங்கிப்போகும்; மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். பனிக்காலத்தின் நடுவே மழை பெய்து உறைந்தால் மேய்ச்சல்மேல் பனிக்கட்டித் தகடு படியும். வட சாமி மொழியில் இதற்கு 'சுவொஹ்கி' என்று தனிப்பெயர். மான் அதை உடைக்க முடியாமல் பட்டினி கிடக்கும். நம்மூரில் வயல் தண்ணீருக்கு எத்தனை சொல் இருக்கிறதோ அப்படித்தான் அங்கே பனிக்கும்: ஆளைத் தாங்கும் பனி மேலோட்டுக்கு ஒரு சொல், அடியில் சர்க்கரைபோல் உதிரும் பனிக்கு ஒரு சொல். இவை கவிதைக்காக வந்த சொற்கள் அல்ல, இன்று எங்கே மேய்க்கலாம் என்று முடிவு செய்ய உதவுபவை.

பனியில் நடக்கும்போது மந்தை எதிர்ப்பட்டால் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள், கடந்து போகும்வரை காத்திருங்கள். துரத்தி ஓடவைத்தால் குளிரைத் தாண்டச் சேர்த்துவைத்த கொழுப்பை அது வீணாக்கும். மே மாதக் கன்று ஈனும் காலத்தில் அருகே போகவே கூடாது, ட்ரோன் பறக்கவிடுவதும் தவறு. கார் ஓட்டினால், ஸ்வீடனில் சாலையோரக் கம்பத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பை தொங்குவதைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள். அருகில் மந்தை இருக்கிறது என்று மேய்ப்பர்கள் வைத்த எச்சரிக்கை அது. ஒன்று சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னும் பல வரும். மோதிவிட்டால் 112-ஐ அழைத்துச் சொல்வது கடமை.

மேய்ப்பர் ஒருவரைச் சந்தித்தால் 'உங்களிடம் எத்தனை மான்?' என்று கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது. எல்லாச் சாமி மக்களும் மேய்ப்பர்கள் என்பதும் பிழை. மேய்ச்சலை நம்பி வாழ்வோர் பத்தில் ஒருவர் அளவே; கடற்கரைச் சாமி மக்கள் நூற்றாண்டுகளாக மீனவர்கள். அதே கரையில், நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்குத்தான் 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள் வேலைக்கு வந்தார்கள்.

கண்ணாடி இக்ளூவும் ஹஸ்கி நாய் வண்டியும் சாமி மரபு அல்ல. இக்ளூ எனும் பனிவீடு வட அமெரிக்கத் துருவப் பகுதியின் இன்யூட் மக்களுடையது. நாய் வண்டிச் சவாரி சுற்றுலாவோடு வந்தது. சாமி மக்கள் சறுக்குவண்டியில் பூட்டியது பனிமானை, தங்கியது 'லாவ்வு' என்னும் கம்புக் கூடாரத்தில். ஃபின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018-இல் சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள்: நடத்துபவர் யார், மான் யாருடையது? 'காக்தி' என்ற அவர்களின் உடை, அணிபவரின் ஊரையும் குடும்பத்தையும் சொல்வது; வாடகைக்கு உடுத்திப் படமெடுத்துக்கொள்ளும் வேடமல்ல. கைவினைப் பொருள் வாங்கும்போது 'சாமி துவொஜி' முத்திரையைத் தேடுங்கள்.

வரலாற்றில் இவ்வளவாவது தெரிந்துகொண்டு போங்கள். ஸ்வீடனுக்கும் டென்மார்க்–நார்வேக்கும் இடையிலான 1751 எல்லை ஒப்பந்தத்தின் இணைப்பு, சாமி மக்கள் மந்தையோடு எல்லை தாண்டும் உரிமையை ஏற்றது. 1852-இல் நார்வே–ஃபின்லாந்து எல்லை மூடப்பட, பழைய மேய்ச்சல் வழிகள் அறுபட்டன. பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்டது. ஃபின்மார்க்கில் நிலம் வாங்க நார்வே மொழி தெரிய வேண்டும் என்று 1902-இல் விதி வந்தது. சாமி சமய முரசுகள் பறிக்கப்பட்டன; 1692-இல் விசாரணைக்கு உள்ளான ஆண்டர்ஸ் பௌல்சனின் முரசின் உரிமை 2022-இல்தான் டென்மார்க்கிடமிருந்து காரஸ்யோக்கின் சாமி அருங்காட்சியகத்துக்கு மாறியது. 1970-களின் இறுதியில் ஆல்தா ஆற்று அணைக்கு எதிராக எழுந்த போராட்டம் அணையைத் தடுக்கவில்லை, ஆனால் 1989-இல் நார்வேயின் சாமி நாடாளுமன்றத்துக்கு வழி திறந்தது. இது பழங்கதை இல்லை. ஃபோசன் காற்றாலை உரிமம் சாமி மேய்ப்பர்களின் உரிமையை மீறுகிறது என்று நார்வே உச்சநீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்த பிறகும் காற்றாலைகள் சுழன்றன. ஸ்வீடனின் கிர்யாஸ் பகுதியில் மீன்பிடி உரிமம் வழங்குவது மேய்ப்பர் சமூகத்தின் உரிமை என்று 2020-இல் தீர்ப்பானது. அங்கே தூண்டில் போட அவர்களிடம்தான் சீட்டு வாங்க வேண்டும்.

சாமி மொழி என்று ஒன்று இல்லை, ஒன்பது பேசப்படுகின்றன. அதிகம் பேர் பேசும் வட சாமியில் சில சொற்கள் போதும். வணக்கத்துக்கு 'பூரெஸ்', நன்றிக்கு 'கீத்து'. விடைபெறும்போது சொல் இரண்டு. தங்குகிறவர் போகிறவரிடம் 'மானா தெயர்வன்', நலமாகப் போ என்பார். கிளம்புகிற நீங்கள் 'பாஸே தெயர்வன்', நலமாக இரு என்று சொல்ல வேண்டும்.