ரெஃப்யூஜியத்தில் மணல்: ஒரு இன்ச்சா, அஞ்சு இன்ச்சா?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். கடலைப் பார்க்க ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டிய ஊர். இரண்டு வருஷமாக ஒரு ஜோடி கிளௌன் மீனையும் நாலு நத்தையையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சம்ப் (மீன் தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டித் தொட்டி) எப்படிக் கட்டுவது, உப்பு எவ்வளவு கலப்பது என்பதற்கெல்லாம் இங்கே போகப்போவதில்லை. போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் ஃப்ளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆர்.ஓ. தண்ணீர்தான், வேறு பேச்சில்லை.

சரி, மணல். சம்பில் பாசியும் பொடிப் பூச்சிகளும் வளர ஒதுக்குகிற அறைதான் ரெஃப்யூஜியம், அதன் தரையில் போடும் மணல்.

முதலில் மணல் எதற்கு என்று முடிவு செய்யுங்கள். கீட்டோ பாசி வளர்க்க மட்டும்தான் ரெஃப்யூஜியம் என்றால் மணலே வேண்டாம், அது வேரில்லாமல் பந்து மாதிரி மிதக்கும். கோப்பிபாட் மாதிரிப் பொடிப் பூச்சிகளுக்கு மேய இடம் வேண்டுமென்றால் ஒரு இன்ச் போதும். மீன் கழிவிலிருந்து சேருகிற நைட்ரேட்டை மணலே குறைத்துத் தரணும் என்று ஆசைப்பட்டால்தான் ஆழப் படுகை. அதற்குக் குறைந்தது 4 இன்ச், என் கணக்கில் 5.

இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள். நான் நின்றேன், 3 இன்ச். ரொம்பக் குறைவும் இல்லை, ரொம்ப அதிகமும் இல்லை என்று பெரிய புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டேன்.

விஷயம் என்னவென்றால், மணலின் மேல் பகுதியில் ஆக்சிஜன் இருக்கும். கீழே போகப்போக அது தீர்ந்துபோகும், அங்கே இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டைப் பிடித்து நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விட்டுவிடும். நமக்கு வேண்டிய வேலை அதுதான், ஆனால் அதற்கு ஆழமும் வேண்டும், நைசான மணலும் வேண்டும், முக்கியமாக யாரும் கிளறாமல் இருக்கணும். 3 இன்ச்சில் அந்த அடுக்கு ஒழுங்காக அமையவில்லை, அழுக்கு மட்டும் இறங்கிச் சேர்ந்துகொண்டே போனது. ஒரு இன்ச் என்றால் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், இதில் அதுவும் முடியாது. ஏழாவது மாசம் கீட்டோவை அள்ளும்போது கையோடு மணலையும் கிளறிவிட்டேன். அடியில் கறுப்பு, எரிந்த தீக்குச்சித் தலை நிறத்தில் ஒரு பட்டை, குப்பென்று அழுகின முட்டை நாற்றம். நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் வேறு பாக்டீரியா கடல்நீரில் இருக்கிற சல்ஃபேட்டைப் பிடித்துக்கொள்ளும், அப்போது வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். அரை மணி நேரத்தில் இரண்டு கிளௌனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பம்பை நிறுத்தி, ஏர் ஸ்டோனைப் போட்டு, இருந்த உப்புத் தண்ணீர் மொத்தத்தையும் மாற்றி, ராத்திரி பதினொன்றரைக்குத்தான் சாப்பிட்டேன். பிழைத்துக்கொண்டன.

அடுத்தது அளவு. கண்ணாடியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தண்ணீர் வழிகிற தடுப்பின் உயரம்தான் கணக்கு. என் சம்ப் கண்ணாடி 45 செ.மீ., ஆனால் தண்ணீர் நிற்பது 30 செ.மீ. அதில் 12.5 செ.மீ. மணல் போட்டால் பாசிக்கு மிச்சம் 17.5 தான். அதற்கும் கீழே போகுமென்றால் ஆழப் படுகையை மறந்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வையுங்கள். 40க்கு 30 இடத்தில் 2.5 செ.மீ. என்றால் நாலரைக் கிலோ, 12.5 செ.மீ. என்றால் 22.5 கிலோ. ஸ்டாண்ட் தாங்குமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

மணல் அரகோனைட்டாக (பவளம், சிப்பி மாதிரிச் சுண்ணாம்பு மணல்), சர்க்கரை மாதிரி நைசாக இருக்கட்டும். பருமனான மணலில் அழுக்கு உள்ளே இறங்கும், ஆக்சிஜனும் ஆழம் வரை போகும், அதற்கு ஈடாக இன்னும் ஆழம் போட வேண்டிவரும். நம் ஊரில் எல்லோரும் கேட்பது எம்.சாண்ட் போடலாமா என்று. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கைப்பிடி எம்.சாண்டில் புரட்டிப் பாருங்கள். நான் புரட்டியபோது இரும்பு கலந்த கரும்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. நத்தை இருக்கிற தொட்டியில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

போடும் முறை: காய்ந்த மணலை ஆர்.ஓ. தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு தட்டு, அதன் மேல் பி.வி.சி. பைப், அதன் வழியாக மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிடும், பயப்படாதீர்கள், தெளிந்த பிறகு பம்பைப் போடலாம். மணல் மட்டம் வரைக்கும் வெளிக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ரெஃப்யூஜியம் விளக்கின் வெளிச்சம் பட்டு கண்ணாடியோரம் சிவப்புப் பாசி பிடிக்கும். ஆழப் படுகையில் மணலைத் துழாவும் நட்சத்திர மீனை விடாதீர்கள், உள்ளே இருக்கும் பூச்சியையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

இப்போது நான் வைத்திருப்பது? ரெஃப்யூஜியம் தரையில் மணலே இல்லை. சமையலறைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 5 இன்ச் நைஸ் மணல், அதை அப்படியே உள்ளே இறக்கிவிட்டேன். பிடிக்காவிட்டால் டப்பாவோடு தூக்கி வெளியே வைத்துவிடலாம். பார்க்க அழகில்லைதான். ஆனால் சம்ப் கேபினெட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? நைட்ரேட் இறங்க நாலு மாசம் ஆனது. காகிதப் பட்டை டெஸ்டை நம்பாமல் சொட்டு மருந்து கிட்டிலேயே பாருங்கள்.

பிறகு சேர்த்தது: தருமபுரியிலிருந்து ஒருவர், ஏற்கெனவே 3 இன்ச் போட்டுவிட்டேன், எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தார். கையால் அள்ளாதீர்கள். பம்பை நிறுத்தி, அரை இன்ச் டியூபால் ஓரமாக நாலு விரல் அகலத்துக்கு மணலையும் தண்ணீரையும் சேர்த்தே பக்கெட்டுக்கு இழுத்துக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு பட்டை, தண்ணீர் மாற்றுகிற அன்றே.

இன்னொன்று: கரண்ட் போய் வரும்போது குழாயிலிருந்து வருகிற முதல் வேகத் தண்ணீர் மணலில் குழி பறித்துவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நடந்தது. குழாய் வாய்க்கு நேர் கீழே உள்ளங்கை அகல லைவ் ராக் (பாக்டீரியா குடியேறிய தொட்டிக் கல்) ஒன்றை வைத்தேன், அதன் பிறகு குழி விழவில்லை.