வெப்ராளம் அடங்க: மூச்சை விடுவதிலிருந்து தொடங்குங்க

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து வேலை பார்க்கிறவள் நான். தக்கலை நெரிசலில் வண்டி நின்றாலே நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும். இந்தப் பதற்றத்தைத்தான் எங்க ஊரில் வெப்ராளம் என்போம். ராத்திரி படுத்த பிறகும் அது விடாது. இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: மூச்சு

"ஆழமா மூச்சு இழு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். எனக்கும் முதலில் இதுதான் நடந்தது.

அதனால் இழுப்பதை மறந்துவிட்டு, முதலில் உள்ளே இருப்பதை வெளியே விடுங்க. கட்டன் சாயாவை ஊதி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, மெதுவாக, 6 எண்ணும் வரை. அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும். அதை மூக்கு வழியாக 4 எண்ணி வாங்கிக்கோங்க, போதும். எண்ணிக்கை ஒன்று ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் செய்யுங்க.

மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தால் சிலருக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஒரு கையை வயிற்றில் வையுங்க. ஏறி இறங்க வேண்டியது அந்தக் கைதான், தோள் அல்ல. சுடிதார் நாடா இறுக்கிக் கட்டியிருந்தால் வயிறு அசையாது, கொஞ்சம் தளர்த்திக்கோங்க. பஸ்ஸில் நிற்கும்போது கண்ணை மூட வேண்டாம். கம்பியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

இதற்கென்று ஆப் எதுவும் தேவையில்லை. போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளே எனக்குப் போதும்.

படி 2: கோடு போட்ட நோட்டு

சாயங்காலம் 15 நிமிடம். மனதை அரிக்கிறதையெல்லாம் எழுதி, நாளைக்கு நான் செய்ய முடிகிறதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு வேலை குறியுங்க. "லோன் தவணை" என்று எழுதினால் "10 மணிக்கு பேங்குக்குப் போன்" என்று. படுக்கையில் வைத்து எழுத வேண்டாம், தூக்கம் கெடும்.

படி 3: சாயாவும் நடையும்

சாயாவில் இருக்கிற காபின் பாதியளவு உடம்பைவிட்டுப் போகவே 5 மணி நேரம் போல ஆகும். நான் மதியத்துக்குப் பிறகு சாயா தொடுவதில்லை. நடை, வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்குப் பிடித்தது சானல்கரை, அதாவது வாய்க்கால் கரை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டே, மழை நாளில் மொட்டைமாடிக்குக் கீழே வராந்தாவிலேயே நடங்க.

பின்சேர்க்கை

மூக்கடைப்பு, இழுப்பு உள்ளவர்களுக்கு 4-6 கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 3-4 என்று வைத்துக்கோங்க. விடுவது நீளமாக இருந்தால் சரி.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, விடியும் முன்னே எழும்புகிறவனுக்குச் சாயங்கால நோட்டு எப்படி என்று கேட்டார். ஷீட் அடித்து முடித்த பிறகு, மதியம் எழுதுங்க அண்ணா.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீங்க, உடனே 108. இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.