மீன் பாடியதை நீ கேட்டாயா? சின்னப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதவும் திருத்தவும் சொல்லிக்கொடுப்பது எப்படி

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு ஆரம்பப் பிரிவு வகுப்புக்குள் போய், "ஊரைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்க பிள்ளைகள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிக் கொப்பிகளாவது 'மீன்பாடும் தேன்நாடு' என்றுதான் தொடங்கும். பிள்ளைகளில் பிழையில்லை. மட்டக்களப்பின் பட்டப்பெயராகச் சுவரில், மேடையில், பேச்சுப்போட்டியில் எல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த வரி அது. கையில் முதலில் வருவது அதுதான். அந்த வரியிலிருந்து பிள்ளையின் சொந்த வரிக்குப் போகும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தரம் 3 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளுக்கு இது சரிவரும். நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு பாடவேளை போதும்.

தேவையானவை: கொப்பி, பென்சில். அழிறப்பர் வேண்டாம். அதை முதல் நாளே பையில் வைக்கச் சொல்லிவிடுங்கள். பிடிக்காத சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினால் போதும். அழித்தால் போனது போனதுதான், வெட்டினால் நாளைக்கு எடுக்கலாம்.

முதல் நாள்: சொல் பொறுக்குதல்

கவிதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் பேசாமல் நிற்கவையுங்கள். கண்டது, கேட்டது, மணத்தது, இவ்வளவையும் கொப்பியில் சொல் சொல்லாக எழுதட்டும். வசனம் வேண்டாம்.

வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக இருக்கும் எழுவான்கரைப் பள்ளிக்கூடம் என்றால் தோணி, கண்டல், மீன்காரரின் ஹோன் சத்தம் என்று வரும். வாவிக்கு மேற்கே, வயற்பக்கமாக இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகள் வட்டை (வயல்வெளி), வாடி (வயல் குடிசை), தயிர்ச்சட்டி, யானை வெடி (யானை விரட்டும் வெடி) என்று எழுதுவார்கள். மாரி காலம் என்றால் வெளியே போக ஏலாது. பரவாயில்லை, தகரக் கூரையில் மழை என்ன சத்தம் போடுகிறது என்று கேளுங்கள். 'சடசட' என்று எல்லாரும் சொல்வார்கள். "வேற மாதிரி எழுதிக் காட்டு" என்று விடாமல் கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத இரட்டைக்கிளவிகள் வரும்.

'அழகு', 'இன்பம்', 'மகிழ்ச்சி' மூன்றையும் கரும்பலகையில் எழுதி, வட்டம் போட்டு, இந்தக் கிழமை இவை மூன்றுக்கும் லீவு என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. யாராவது மறந்து சொன்னால் வகுப்பே கத்தும்.

இரண்டாம் நாள்: முதல் தடவை எழுதுதல்

பொறுக்கிய சொற்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு, ஏழு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதவேண்டும், திருத்துவதற்கு இடம் வேண்டுமல்லவா. ஓசை நயம் தேடவேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இதில் சில ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் 'நாடு' என்று எழுதிய பிள்ளை அடுத்து 'ஆடு', 'மாடு', 'ஓடு' என்று தேடத் தொடங்கினால், சொல்ல வந்தது காணாமல் போய்விடும். ஓசைக்கு நாளைக்கு இடம் இருக்கிறது.

எழுதி முடிந்ததும் கொப்பிகளை வாங்கி வைத்துவிடுங்கள். வாசிக்கலாம், பேனா தொடக்கூடாது. நான் படிப்பிக்க வந்த புதிதில் ஒரு பிள்ளையின் கவிதையில் ண, ன பிழைகளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை அவன் தனக்கு எழுத்துப்பிழை வராத சொற்களை மட்டும் வைத்து நான்கு வரி எழுதினான். ஒரு பிழையும் இல்லை, ஒரு கவிதையும் இல்லை.

மூன்றாம் நாள்: திருத்தம்

இந்த நாள்தான் முக்கியம், அவசரப்படவேண்டாம். கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்:

இதை நீ பார்த்தாயா, கேட்டாயா?
இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கவிதை விழுமா?
வாசிக்கும்போது நாக்கு எங்கே தடக்குகிறது?

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்துங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாக வாசிக்கவேண்டும். எழுதியவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். தான் எழுதியதைத் தானே வாசித்தால் இல்லாத சொல்லையும் சேர்த்து வாசித்துவிடுவோம். மற்றவரின் நாக்குத்தான் தடக்கும். வாசித்தவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லக்கூடாது, ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

தரம் 4 பிள்ளை ஒருத்தி எழுதியதை வைத்துக் காட்டுகிறேன். முதலில் இப்படி இருந்தது:

மீன்பாடும் தேன்நாடு
எங்கள் ஊர் நல்ல நாடு
வாவியில் மீன்கள் பாடும்
கேட்டால் ஆசை கூடும்

முதல் கேள்வியைக் கேட்டேன்.

"மகள், மீன் பாடினதை நீங்க கேட்டிருக்கிறீங்களா?"

"இல்ல டீச்சர்."

"கேட்கப் போனதாவது உண்டா?"

"அம்மப்பா தோணியில கூட்டிப்போனார். துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, அதில காதை வைக்கச் சொன்னார்."

கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் அப்படித்தான் கேட்கவேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

"மறுகா?"

"ஒன்றும் கேட்கல்ல. காதுக்குள்ள தண்ணி போயிட்டு."

"அதை எழுதுங்க."

அவள் நம்பவில்லை. மீன் பாடவில்லை என்று எழுதினால் ஊருக்குக் குறை என்று நினைத்திருப்பாள் போல. இரண்டாவது தடவை எழுதியதில் 'நான் மிகவும் ஏமாந்தேன்', 'எனக்குக் கவலையாக இருந்தது' என்று இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாம் கேள்வியைப் போட்டோம். இரண்டையும் எடுத்தும் கவிதை விழவில்லை, அவளே வெட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்தவனின் கேள்வி: "அப்ப மீன் என்ன செஞ்சது?" அந்தக் கேள்விக்குப் பிறந்ததுதான் கடைசி வரி.

அம்மப்பா சொன்னார்
"துடுப்பில காதை வை,
மீன் பாடும்."
வைத்தேன்.
காதுக்குள்ளே தண்ணீர் போனது.
அம்மப்பா சிரித்தார்,
தோணி ஆடியது.
மீன் கேட்டிருக்கும்.

நான் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. 'துடுப்பில' என்பதைத் 'துடுப்பில்' என்று மாற்றச் சொல்லவும் இல்லை, அது அம்மப்பா பேசியது. பிள்ளைகள் 'மறுகா' என்று எழுதினாலும் அப்படித்தான். உடனே 'பிறகு' என்று மாற்றாதீர்கள். யாருடைய வாயில் அந்தச் சொல் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, ஓசை. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவது: தோணி, ஏணி, ஆணி. மோனை என்றால் முதல் எழுத்து ஒன்றிவருவது: வாவி, வாடி, வாசல். தரம் 4க்கு இவ்வளவு விளக்கம் போதும். தங்கள் கவிதையில் ஏற்கனவே எங்காவது அப்படி விழுந்திருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் கீழே கோடு போடட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். வீட்டில் பாட்டி மாருக்குப் பழைய கவிகள் தெரிந்திருக்கும். அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டிலும் வயலிலும் வீட்டிலும் பாடிய நாலடிக் கவிகள் அவை. ஒன்றைக் கேட்டு வந்து வகுப்பில் கைதட்டிச் சொன்னால், நான் ஒரு மணித்தியாலம் விளக்குவதைவிட அது பலன் தரும்.

நான்காம் நாள்: எழுத்துப்பிழை, நல்ல பிரதி

ர, ற, ல, ள, ழ, ந, ன, ண எல்லாவற்றையும் இப்போது பார்க்கலாம். கவிதை நிலைத்துவிட்டது, இனி அதைக் கழுவித் துடைப்பதில் பிள்ளைக்குப் பயமில்லை.

தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் பெற்றோர் சிலர், "டீச்சர், இது புலமைப்பரிசிலுக்கு உதவுமா?" என்று கேட்பார்கள். புள்ளி கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை எழுதியதைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நல்ல பிரதியைச் சுவரில் ஒட்டும்போது, வெட்டுக்கோடுகளோடு இருக்கும் பழைய தாளையும் அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து முதலில் வாசிப்பது அந்த வெட்டிய வரிகளைத்தான்.