கடற்கரைப் பூங்காவிற்கு விதிமுறை வகுப்பது எப்படி?

இராமநாதபுரம் கடலோரத்தில் பூங்காவிற்கோ பொழுதுபோக்குத் திடலுக்கோ விதிமுறை வகுக்க முனையும் உள்ளாட்சி அமைப்பு, முதலில் தன் அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நகர்ப்புறப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் அரசியலமைப்பின் 12-ஆம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பணிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வனத்துறையின் பொறுப்பில் உள்ளதால், படகுச் சவாரி குறித்த விதியை அத்துறையைக் கலக்காமல் எழுதலாகாது.

வரைவு எழுதும் முன், அந்தக் கடற்கரையில் வலை உலர்த்துவோரையும் படகு ஏற்றுவோரையும் சந்தித்து, எந்த நேரத்தில் எந்த இடம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மேசையிலேயே எழுதப்பட்ட விதி அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும் (உப்புக் காற்றில் அந்தப் பலகையும் விரைவில் துருப்பிடித்துவிடும்).

ஒவ்வொரு விதியின் கீழும் அதற்கான காரணம், செயல்படுத்தும் அலுவலர், மீறினால் எடுக்கப்படும் நடவடிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது என்றாலும், "நெகிழியைத் தவிர்க்கவும்" என்ற வரி மட்டும் போதாது. நுழைவாயிலில் யார் சோதிப்பார், மாற்றாகத் துணிப்பை எங்கே கிடைக்கும் என்பவையும் இடம்பெற வேண்டும்.

கட்டணங்களை மன்றத் தீர்மானத்தின் வழியாகவே நிர்ணயிக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், கரை அரிப்பை நேரில் பார்த்து, ஆண்டுதோறும் விதிகளைத் திருத்துவது நல்லது.