போல்ட் வழுக்கிய பிறகு செய்யக்கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரின் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை, மாற்ற உட்கார்ந்தேன். மூடியைக் கழற்ற இரண்டே போல்ட். முதலாவது சொன்னபடி கேட்டது. இரண்டாவதில் ஸ்பானரை மாட்டி இழுத்தபோது 'டக்' என்று ஓர் ஓசை. கை பாய்ந்து போய் ரேடியேட்டர் ஃபேன் உறையில் இடித்தது. போல்ட் திரும்பிவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். திரும்பியது ஸ்பானர் மட்டும்தான். போல்ட் தலையின் ஆறு முனைகளில் இரண்டு பளபளவென்று வழித்துவிடப்பட்டிருந்தன.

அங்கேயே எழுந்து ஒரு காப்பி குடிக்கப் போயிருந்தால் அது அரை மணி நேர வேலை. நான் போகவில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்தேன், பிறகு கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினேன். பத்து நிமிடத்தில் அறுகோணத் தலை கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் காரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கும். பழியைத் துருவின் மேல் போடுவோம். துரு போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைக் கெடுப்பது நாம், அதுவும் முதல் வழுக்கலுக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில். ஒவ்வொரு முரட்டு முயற்சியும் அடுத்து செய்திருக்கக்கூடிய ஒரு வழியை அடைத்துவிடுகிறது. தலை முழுதாக இருக்கும்வரை பல வழிகள் உண்டு. தலை உருண்டால் சில வழிகள். தலை முறிந்தால் ஒன்றிரண்டு. உள்ளே ஒரு கருவியும் முறிந்தால் லேத் பட்டறைதான்.

எந்தக் கோளாறு என்று பார்க்காமல் இறங்குவது

'போல்ட் போய்விட்டது' என்று நாம் சொல்வதில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. தலை மழுங்கி ஸ்பானர் பிடிக்காமல் இருப்பது ஒன்று. மரை, அதாவது போல்ட்டும் துளையும் கவ்விக்கொள்ளும் சுருள் வரி, தேய்ந்து போல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டே இருப்பது இன்னொன்று. தலை முறிந்து உடல் உள்ளே தங்கிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு.

சுற்றிக்கொண்டே இருக்கும் போல்ட்டை மேலும் வேகமாகச் சுற்றுவதில் பயனில்லை. பெரும்பாலும் அலுமினியத்தில் வெட்டிய மரை பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. தலைக்கு அடியில் தட்டை ஸ்குரூ டிரைவரை நுழைத்து மெல்ல நெம்பிக்கொண்டே எதிர்த்திசையில் திருப்பினால், மிச்சமிருக்கும் மரையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி வரும். நெம்பும்போது இரண்டு உலோகமும் சேரும், கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தில் ஸ்குரூ டிரைவர் முனை கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ட் வந்தும் கூலண்ட் ஒழுகினால் என்ன லாபம்? ஒருவரைப் பற்றி 'மரை கழன்றுவிட்டது' என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் இப்படிச் சுற்றும் போல்ட்டின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விளங்கும்.

12ஆ 13ஆ

என் கதையில் நடந்தது துருவின் வேலைகூட இல்லை. முதல் போல்ட்டின் தலை 13 மி.மீ. அதற்குப் பொருந்திய ஸ்பானரையே இரண்டாவதற்கும் மாட்டினேன். இரண்டாவதன் தலை 12.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தியச் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் இது பரவலாக இருக்கிறது. 8 மி.மீ. தண்டு உள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய முறைப்படி தயாரிக்கும் கார்களில் 12 மி.மீ. தலை வைப்பது வழக்கம். ஜெர்மன் முறையில் அதே போல்ட்டுக்குத் தலை 13. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதும் 13தான். 10 மி.மீ. தண்டுக்கு வந்தால் ஜப்பானிய முறையில் 14, ஜெர்மன் முறையில் 17. எப்போதோ ஒரு மெக்கானிக் ஒரு போல்ட்டைத் தொலைத்துவிட்டுக் கடையிலிருந்து வாங்கி மாட்டியிருக்கிறார். அதனால் ஒரே மூடியில் இரண்டு அளவு. போதாக்குறைக்கு அரை அங்குல ஸ்பானர் ஒன்றும் பெட்டியில் கிடக்கும். அது 12.7 மி.மீ. 12 தலையில் அது 'ஏறக்குறைய' பொருந்தும். இந்த ஏறக்குறையதான் முனையைத் தின்கிறது.

ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனியாக அளவு பாருங்கள். திறந்த வாய் ஸ்பானரால் முதல் இழுப்பை இழுக்காதீர்கள். அது இரண்டே முனைகளில் விசையைப் போட்டு வாயை விரித்துக்கொள்ளும். பன்னிரண்டு முனை உள்ள ரிங் ஸ்பானர் அதைவிட மேல். ஆறு முனை சாக்கெட்தான் நல்லது, அது கூர் முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டுச் சமதளத்தில் அழுத்துகிறது. தலையைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் எடுத்த பிறகே சாக்கெட்டை மாட்ட வேண்டும். அழுக்கின் மேல் உட்கார்ந்த சாக்கெட் பாதி உயரத்தைத்தான் பிடித்திருக்கும். நீட்டிப்புத் தண்டு போட்டால் இடது கையால் சாக்கெட்டை நேராக அழுத்திப் பிடியுங்கள், சாய்ந்தால் வழுக்கும்.

எண்ணெய் விட்ட கையோடு இழுப்பது

டபிள்யூடி-40 டப்பாவைச் 'சர்ரென்று' அடித்துவிட்டு உடனே ஸ்பானரை எடுப்பவர்கள் அதிகம். அந்தத் திரவம் 1953இல் அமெரிக்காவில் உருவானபோது அதன் வேலை ஈரத்தை விரட்டுவது. பெயரே 'நீரை இடம்பெயர்த்தல், நாற்பதாவது கலவை' என்பதன் சுருக்கம்தான். ராக்கெட் உடலில் துரு ஏறாமலிருக்கப் பூசினார்கள். இறுகிய போல்ட்டுக்கும் அது உதவும், ஆனால் துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் அதைவிட நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் நேரம் கொடுக்க வேண்டும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்காகிறது, மரை இடுக்கில் காற்றுக்குக்கூட வழியிருக்காது. அதற்குள் எண்ணெய் ஊர்ந்து போக ஓர் இரவு வேண்டும். மாலையில் விட்டு, படுக்கப் போகும் முன் இன்னொரு முறை விட்டு, காலையில் தொடுங்கள். எதுவும் இல்லையென்றால் மண்ணெண்ணெய், டீசல்கூடப் பரவாயில்லை. இன்ஜின் ஆயில் உதவாது, கெட்டியானது.

இதோடு சுத்தியலும் வேண்டும். போல்ட் தலையின் நடுவில், நேராக, நடுத்தரமாகச் சில தட்டுகள். துருவின் பிடி உடைந்து எண்ணெய்க்கு வழி திறக்கும். 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பதை ஓங்கி அடிப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மூடி அலுமினிய வார்ப்பு, காது போன்ற மெல்லிய பகுதிகள் விரிசல் விட்டுவிடும். தட்டிய பிறகு முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்தும் திசையில். கால் சுற்று வந்தால் மீண்டும் கொஞ்சம் உள்ளே, மீண்டும் வெளியே. கொஞ்சம் வந்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் சுழற்றும்போதுதான் துருத் தூள் மரையில் சிக்கி போல்ட் முறிகிறது. முறிவதற்கு முன் ஸ்பானரில் ஒரு ரப்பர்த்தனம் தெரியும். கை நகர்கிறது, ஆனால் போல்ட் திரும்பவில்லை, தண்டு முறுக்கிக்கொள்கிறது. அந்த உணர்வு வந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

சூடு காட்டுவது நல்ல வழி. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், ஆகவே துளை போல்ட்டைவிட அதிகமாக அகலும். ஆனால் அலுமினியம் எச்சரிக்கை தராது. இரும்பு சிவந்து காட்டும். அலுமினியமோ பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமலே இருந்து, 660 டிகிரியை நெருங்கியதும் சரிந்துவிடும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே. கேஸ் சுடரைவிட ஹாட் ஏர் கன் வீட்டுக்குப் பொருத்தம். பெட்ரோல் குழாயின் அருகில் இரண்டுமே வேண்டாம். சூடான வார்ப்பின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம். கூலண்ட் சூடாக இருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியைத் தொடவே கூடாது என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

உருண்டுபோன தலை

முனைகள் பாதி போயிருந்தால், ஒரு சுற்றுச் சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம். 12க்கு 11, 10க்கு அங்குல அளவில் எட்டில் மூன்று, அதாவது 9.5 மி.மீ. உள்ளே சுருள் பற்கள் உள்ள தனிச் சாக்கெட்டுகளும் விற்கின்றன, அவை இன்னும் நல்லவை. கவ்விய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளேயர் பிடிக்க இடம் இருந்தால் அதையும் முயலலாம், அரத்தால் தலையில் எதிரெதிராக இரண்டு சமதளம் ராவிய பிறகு. சாதாரணப் பிளேயரை மட்டும் எடுக்காதீர்கள். அது பிடிக்காது, வழிக்கும். என் கொழுக்கட்டை அதற்குச் சாட்சி.

இனி மெக்கானிக்குகள் 'ஈஸி அவுட்' என்று அழைக்கும் எக்ஸ்ட்ராக்டர். வீட்டில் நடக்கும் விபத்துகளில் மிக மோசமானவை இதன் பேரில்தான். போல்ட்டின் நடுவில் துளையிட்டு, இடப்பக்க மரை உள்ள இந்தக் கூம்பை இறக்கித் திருப்ப வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. தண்டுள்ள போல்ட், இறுகிப்போய்த் தலையே முறிந்துவிட்டது. 6 மி.மீ. இரும்பால் தாங்க முடியாத விசையை அதற்குள் நுழையும் 3 மி.மீ. கருவி தாங்குமா? அது கடினமாக்கப்பட்ட எஃகு, வளையாது, கண்ணாடி மாதிரி ஒடியும். ஒடிந்த துண்டை வீட்டு டிரில் பிட் கீறக்கூடச் செய்யாது. கூம்பு உள்ளே இறங்க இறங்க போல்ட்டை விரித்து மரையோடு மேலும் இறுக்குவதும் உண்டு. தலை வெறுமனே மழுங்கி, மரை இறுகாமல் இருக்கும் போல்ட்டுக்கு எக்ஸ்ட்ராக்டர் பயன்படலாம். இறுகி முறிந்ததற்கு வேண்டாம்.

என் போல்ட்டை மீட்டது ஒரு பட்டறைக்காரர் தொலைபேசியில் சொன்ன வழி. "தம்பி, அதைத் திருப்ப நினைக்காதே, தலையை வெட்டிவிடு" என்றார். போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்கே போகிறது. தலை போனால் அந்த உராய்வும் போகும், தண்டை இழுத்துப் பிடித்திருந்த விறைப்பும் போகும். சென்டர் பஞ்சால் சரியான நடுவில் ஒரு குழி குத்தினேன். 3, 5, பிறகு 8.5 மி.மீ. என்று பிட்டை ஏற்றிக்கொண்டே போனேன், மெதுவாக, எண்ணெய் விட்டு. ஆழம் தலையின் உயரம் வரைதான். கடைசிப் பிட் அடியைத் தொட்டதும் தலை ஒரு வளையமாகப் பிட்டில் மாட்டிக்கொண்டு சுற்றியது. மூடியைத் தூக்கினேன். கீழே ஒன்றரை சென்டிமீட்டர் தண்டு நிமிர்ந்து நின்றது. வைஸ் கிரிப்பால் பிடித்ததும், காலையிலிருந்து என்னைப் பாடாய்ப்படுத்திய அந்தப் போல்ட், வாழைத்தண்டு மாதிரி திரும்பி வந்துவிட்டது.

இதிலும் இரண்டு இடங்களில் தவறலாம். குழி நடுவில் இல்லாவிட்டால் பிட் கடினமான இரும்பிலிருந்து மிருதுவான அலுமினியத்துக்குச் சரிந்து மூடியையே தோண்டும். இன்னொன்று இரும்புச் சீவல். அது இன்ஜினுக்குள் விழுந்தால் போல்ட் ஒரு பொருட்டே இல்லை. திறந்திருக்கும் வழிகளில் துணி அடையுங்கள், எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள், பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டும். கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடவே வேண்டாம்.

தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் மட்டத்தில் முறிந்திருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவதுதான் பட்டறை வழக்கம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் யாரும் வெல்டிங் கம்பியைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள், பாட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் காரின் கம்ப்யூட்டரும் போய்விடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் நச்சுவாயு உண்டாகும். சிலிண்டர் ஹெட் போல்ட் முறிந்திருந்தால் வீட்டில் எதையும் முயலாமல் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

மறுபடி மாட்டும்போது

பழைய போல்ட்டையே போடுவது, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றிச் சமாளிப்பது, இரண்டும் அடுத்த தடவைக்கு நாமே வைக்கும் வேட்டு. அலுமினியத்தில் மரை போயிருந்தால் கம்பிச்சுருள் மரை வைத்துக்கொடுப்பார்கள், ஹெலிகாயில் என்று கேளுங்கள். பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே இருக்கும். அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருக்க போல்ட்டை இறக்கினால், திரவம் போக இடமின்றி வார்ப்பைப் பிளக்கும். துடைத்து, ஊதிவிட்டு மாட்டுங்கள்.

இறுக்கும் அளவுக்கு அந்தக் காரின் கையேடுதான் கணக்கு. 6 மி.மீ. போல்ட்டுக்கு அது பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 15 சென்டிமீட்டர் ராட்செட்டின் நுனியில் ஏழு கிலோவுக்கும் குறைவான இழுப்பு. தோளே தேவையில்லை, மணிக்கட்டு போதும்.

12 தலை போல்ட் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. இப்போது இரண்டும் 13. பானட்டின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.