டிராகன் பால் ஜிடி: பார்க்கும் முன்பும் திட்டும் முன்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தன் உயரம்கூட இல்லாத ஒரு பொடியனைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு கிரகம் கிரகமாக அலைகிறாள். டிராகன் பால் ஜிடி என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். அந்தப் பொடியன்தான் நாயகன் கோகு, வரம் தரும் டிராகன் உருண்டைகளிடம் தவறுதலாகக் கேட்கப்பட்ட ஒரு வரத்தால் சிறுவனாகிவிட்ட நிஜத் தாத்தா. அவள் பேத்தி பான். கேட்டதும் சிரிப்பவர்களுக்குத் தொடர் பிடித்துப்போக வாய்ப்புண்டு. "ஐயோ, கோகுவை ஏன் சின்னப் பையனாக்கினார்கள்?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் உதவலாம்.

ஜிடிக்கு முந்தைய தொடரான டிராகன் பால் இசட்டின் 291ஆவது எபிசோடு, அதாவது கடைசி எபிசோடு, ஜப்பானின் ஃபுஜி டிவியில் 1996 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பானது. அடுத்த புதன்கிழமையே, பிப்ரவரி 7 அன்று, ஜிடி தொடங்கிவிட்டது. 1997 நவம்பர் 19 வரை மொத்தம் 64 எபிசோடுகள். அதற்குள் அகிரா டோரியாமாவின் மங்கா, அதாவது மூலப் படக்கதை, முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. 1984 முதல் 1995 வரை வாராவாரம் வரைந்து 519 அத்தியாயங்களில் அவர் கதையை முடித்திருந்தார். ஆகவே தொடரைத் தயாரித்த டோயி நிறுவனத்தாரின் கையில் ரசிகர் கூட்டம் இருந்தது, படம் வரைய ஆட்கள் இருந்தார்கள், ஒளிபரப்பு நேரமும் இருந்தது. மூலக் கதைதான் இல்லை. ஜிடியின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, "டோரியாமாவுக்கும் ஜிடிக்கும் சம்பந்தமே இல்லை" என்று அடித்துச் சொல்வது. சம்பந்தம் உண்டு. பெயர் வைத்தவர் அவர்தான். பிரபஞ்சத்தைச் சுற்றி வரும் நெடும்பயணம் என்ற பொருளில் வைத்தார். முக்கியக் கதாபாத்திரங்களின் தொடக்கத் தோற்றத்தையும் சின்னத்தையும் வரைந்து கொடுத்தார், விண்கலத்துக்கும் சில கிரகங்களுக்கும்கூடப் படம் போட்டுத் தந்தார். ஆனால் கதையை நடத்தியவர் அவர் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, "அவர் பெயர் இருக்கிறதே, எல்லாம் அவர் கதைதான்" என்று எதிர்ப்பக்கம் வாதாடுவதும் அதே அளவு தவறு. 2005இல் ஜிடியின் டிவிடி தொகுப்புக்கு எழுதிய குறிப்பில் டோரியாமாவே இதைப் பிரம்மாண்டமான ஒரு கிளைக்கதை என்றுதான் குறிப்பிட்டார். வாராவாரக் கெடுவில் பதினொரு வருடம் ஓடிக் களைத்த மனிதர், தன் பிள்ளைகளை நம்பிக்கையானவர்களின் வீட்டில் விட்டுவிட்டுப் போன மாதிரி. அந்த வீட்டில் பிள்ளைகள் வேறு மாதிரி வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து முளைப்பதுதான் அடுத்த தவறு: டிராகன் பால் சூப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஜிடியை அளப்பது. "சூப்பரில் அழிவுக் கடவுள் பீரஸ் வந்தாரே, ஜிடியில் ஏன் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சூப்பர் தொடங்கியது 2015இல். ஜிடி முடிந்து பதினேழு வருடத்துக்கு மேல் கழித்து. பேரனைப் பற்றித் தாத்தாவிடம் அவர் கல்யாணத்தன்றே விசாரித்தால் எப்படி?

இரண்டும் ஒட்டாது என்பதற்கு ஒரு சின்னச் சான்று போதும். ஜிடியின் முதல் எபிசோடில், அரண்மனைக்குள் திருட்டுத்தனமாக நுழையும் பிலாஃப் கும்பலை, முதல் டிராகன் பாலின் கோமாளி வில்லன்களை, பாருங்கள். பிலாஃப், ஷூ, மாய் மூவரும் நரைத்துத் தளர்ந்த கிழங்கள். சூப்பரின் கிளையைத் தொடங்கிவைத்த, 2013இல் வந்த 'பேட்டில் ஆஃப் காட்ஸ்' படத்திலோ அதே மூவரும், இளமை திரும்ப வேண்டும் என்று கேட்ட வரம் கொஞ்சம் அதிகமாகவே பலித்துப்போய், குழந்தைகளாக இருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே காலக்கோட்டில் கட்ட முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இசட்டின் முடிவிலிருந்து ஐந்து வருடம் தள்ளி ஜிடி என்ற கிளை போகிறது. 'பூ' என்ற கடைசி வில்லனை வீழ்த்தியதற்கும் இசட்டின் முடிவுக்கும் நடுவே இருக்கும் பத்து வருட இடைவெளியில் சூப்பர் என்ற இன்னொரு கிளை போகிறது. எது "உண்மையான" கதை என்று கேட்டு ஆரம்பிக்கும் சண்டை எதுவும் எங்கேயும் போய்ச் சேர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

2024இல் வந்த 'டிராகன் பால் டைமா'வில் கோகு மறுபடி சிறுவனானதும், ஜிடியில் கோகு எடுக்கும் பலமான உருவமான சூப்பர் சையான் 4 சிவந்த முடியோடு வந்ததும் சிலரைக் குழப்பிவிட்டன. "ஆக, ஜிடியை ஏற்றுக்கொண்டார்கள்!" என்று கொண்டாடினார்கள். இல்லை. பழைய யோசனையை எடுத்து வேறு கதையில் போட்டார்கள், அவ்வளவே. காரணம் வேறு, தோற்றமும் கொஞ்சம் வேறு.

சரி, இனி பார்க்கும் முறைக்கு வருவோம். எங்கும் சொல்லப்படும் அறிவுரை: "முதல் 16 எபிசோடைத் தாண்டிவிடு." இந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஜிடி வந்தபோது நிஜமாகவே அந்த 16ஐயும் விட்டுவிட்டு, ஒரு சுருக்கத்தோடு நேரே பின்கதைக்குப் போனார்கள். விட்டதைப் பிறகு "தொலைந்த எபிசோடுகள்" என்று பெயர் சூட்டி ஒளிபரப்பினார்கள். சண்டைக்காக வந்த ரசிகர்களை இழந்துவிடக்கூடாது என்ற பயம் போலும். அதன் விளைவு என்னவென்றால், ஒரு தலைமுறையே கோகு ஏன் குட்டையாக இருக்கிறான் என்பதைக் கண்ணால் பார்க்காமல் கதைக்குள் நுழைந்தது.

அந்தப் பதினாறும் இழுவை என்பதை நான் மறுக்கவில்லை. கிரு என்ற குட்டி ரோபோ, உருண்டைகளைக் கண்டுபிடிக்கும் டிராகன் ரேடாரை விழுங்கிவிட்டுத் தன் பெயரையே ஓயாமல் கத்திக்கொண்டிருப்பதை நாலைந்து எபிசோடுக்கு மேல் தாங்க எனக்கும் பொறுமை போதவில்லை. ஆனால் அவசரப்படாமல் ஒன்றைக் கவனியுங்கள். மீசையை ஆட்டி நிலநடுக்கம் வரவைப்பதாக ஊரை மிரட்டும் ஸூனாமா என்ற பூதம், கிராமத்துப் பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்கிறது. மணப்பெண் இடத்தில், கோகுவோடு பயணிக்கும் இளைஞன் ட்ரங்க்ஸுக்குச் சேலை கட்டாத குறையாக அலங்காரம் செய்து அனுப்புகிறார்கள். இது அசட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் 1986இல் தொடங்கிய முதல் டிராகன் பாலின் ஆரம்பத்தில் ஊலாங் என்ற பன்றி ஒரு கிராமத்தை மிரட்டிப் பெண் கேட்டபோது, பெண் வேஷம் போட்டுக்கொண்டு போய் நின்றது யார்? கோகுவேதான். இசட்டின் 291 எபிசோடுகளில் மறந்துபோன அந்தக் குறும்பான, வழிப்போக்குக் கதையைத்தான் இந்தப் பகுதி மீட்கப் பார்க்கிறது. பாதி வெற்றி, பாதி தோல்வி. இசட்டை மட்டும் பார்த்துவிட்டு வருபவருக்குத் தோல்வி மட்டும்தான் தெரியும். ஆகவே முதல் டிராகன் பாலைப் பார்க்காமல் ஜிடிக்கு வருவதைத்தான் நான் உண்மையான தவறு என்பேன். அப்புறம் வேண்டுமானால் நடுவில் நாலைத் தாண்டுங்கள், நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

எந்த ஒலியில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஜப்பானிய மூலத்தில் கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் மசாகோ நொசாவா. 1986 முதல் அவர்தான். ஆகவே கோகு சிறுவனானதும் அந்தக் குரல் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருக்கும். அமெரிக்க ஆங்கில வடிவத்தில் பின்னணி இசையை முழுக்க மாற்றிவிட்டார்கள். தொடக்கப் பாடலும் போய், அந்த இடத்தில் ஒரு ராப் வந்து உட்கார்ந்தது. மூலத்தின் தொடக்கப் பாடல் ஃபீல்ட் ஆஃப் வியூ குழு பாடிய 'டான் டான் கொகொரோ ஹிகாரெதேகு', மெல்ல மெல்ல மனம் ஈர்க்கப்படுவதைப் பற்றிய பாட்டு. ஜிடியைக் கண்டபடி திட்டுபவர்கள்கூட இந்தப் பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைசிக் காட்சியில் அது திரும்ப வருகிறது. ஆங்கில வடிவத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பிணைப்பு கிடைக்கவே இல்லை.

பலத்தை எண்ணிக்கொண்டு உட்காருவது இன்னொரு வியாதி. சூப்பர் சையான் 4 பெரிதா, சூப்பரில் வரும் நீல முடி உருவம் பெரிதா? இதற்கு விடை இல்லை, இருவரும் ஒரே உலகில் இல்லை. அதைவிட, அந்த உருவம் எப்படி வருகிறது என்று பார்ப்பது சுவாரசியம். மஞ்சள் முடி இன்னும் கொஞ்சம் நீளமாகிறது, மின்னல் இன்னும் கொஞ்சம் கூடுகிறது என்று இசட் போய்க்கொண்டிருந்த வழியை ஜிடி இங்கே விட்டுவிட்டது. கட்சுயோஷி நகாட்சுரு வடிவமைத்த அந்த உருவத்தில் முடி மறுபடியும் கறுப்பு. உடம்பெல்லாம் செந்நிற மயிர், கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கோடு, பின்னால் வால். அந்த வாலை முளைக்கவைக்க, கடவுளர் உலகத்துக் கிழவரான 'மூத்த காய்' குறடு போட்டு இழுக்கும் காட்சி வேறு. வாலுள்ள சையான் இனத்தார் முழுநிலவைப் பார்த்தால் பெருங்குரங்காகிவிடுவார்கள். பிறகு வானத்தில் முழுதாகத் தெரியும் பூமியே பௌர்ணமி நிலவின் வேலையைச் செய்கிறது. கோகு பொன்னிறப் பெருங்குரங்காகி வெறிபிடித்து அலைகிறான். அவனை மனிதனாக்குவது பயிற்சி இல்லை, கோபமும் இல்லை, பேத்தி பானின் கண்ணீர். முதல் டிராகன் பாலில் தான் குரங்காக மாறுவதே தெரியாமல், தன்னை வளர்த்த தாத்தாவை மிதித்துக் கொன்றவன் கோகு. இப்போது தாத்தாவாக நிற்பவன் அவன், எதிரே நிற்பது பேத்தி. இதை விட்டுவிட்டு எண்களைக் கூட்டிக் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 'சூப்பர் 17' என்ற வில்லன் வரும், 41 முதல் 47 வரையிலான பகுதி மோசம். நரகம் திறந்து இசட்டின் பழைய வில்லன்களான ஃப்ரீசா, செல் இருவரும் திரும்பி வந்து கோமாளிகளாகிப் போகிறார்கள். கோகுவின் மகன்கள் கோஹானுக்கும் கோட்டனுக்கும் செய்ய ஒன்றுமில்லை. பானுக்கும் போகப்போக அதே கதிதான். இந்த ஏழு எபிசோடைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, ஏனென்றால் அடுத்த எபிசோடில்தான் ஜிடி தன் சொந்தக் கதையைக் கண்டுபிடிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். 1986 முதல் இந்தக் கதையில் யார் செத்தாலும் ஏழு உருண்டைகளைச் சேர்த்து, வரம் தரும் டிராகனான ஷென்ரானிடம் கேட்டு எழுப்பிவிடலாம். ஆகவே மரணத்துக்கே மதிப்பில்லாமல் போயிருந்தது. ஜிடி, "அதற்கெல்லாம் பில் யார் கட்டுவது?" என்று கேட்டது. ஒவ்வொரு வரத்தோடும் தீய ஆற்றல் உருண்டைகளில் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் வெடித்து ஏழு தீய டிராகன்களாகக் கிளம்புகிறது. உலகை ஆளும் வரத்தைப் பிலாஃப் கேட்கப்போன நொடியில், முந்திக்கொண்டு ஊலாங் பெண்கள் உள்ளாடை கேட்டானே, தொடரின் மிகப் பழைய நகைச்சுவை, அதிலிருந்தும் ஒரு டிராகன். தாவ் பாய் பாய் கொன்ற போராவை மகன் ஊபாவுக்காகக் கோகு எழுப்பித் தந்தானே, அந்த நல்ல காரியத்திலிருந்து பிறந்தது ஊரையே நஞ்சாக்கும் டிராகன். கேட்டவர் நல்லவரா கெட்டவரா என்று கணக்கு பார்ப்பதில்லை. சூப்பரிலோ டைமாவிலோ இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

இதற்கு முன்னோட்டம் 40ஆவது எபிசோடிலேயே இருக்கிறது. கோகுவைச் சிறுவனாக்கிய, வரம் கேட்ட கிரகத்தையே வெடிக்கவைக்கும் கறுப்பு நட்சத்திர உருண்டைகள் இனி யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதற்காக, வெடிக்கப்போகும் பூமியோடு தானும் போய்விடுவது என்று கோஹானின் குருவான பிக்கலோ முடிவெடுக்கிறான். அவன் இறந்தால் உருண்டைகளும் செத்துவிடும். கோஹான் கெஞ்சியும் மசியவில்லை. அடுத்துவரும் சூப்பர் 17ஐப் பார்த்த எரிச்சலில் இந்தக் காட்சியை மறந்துவிடுகிறார்கள்.

முடிவைப் பற்றி எச்சரிக்கையாகப் பேசுகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். ஷென்ரான் மேல் ஏறி கோகு போய்விடுகிறான். போகிற வழியில் கடலோர வீட்டில் பழைய நண்பன் க்ரில்லினோடு ஒரு கை பார்த்து, நரகத்தில் பிக்கலோவைச் சந்தித்துவிட்டுப் போகிறான். ஏழு உருண்டைகளும் அவன் உடம்புக்குள் இறங்குகின்றன. இதை வைத்து "அவன் ஏற்கெனவே செத்துவிட்டான்", "டிராகனாகவே ஆகிவிட்டான்" என்றெல்லாம் தீர்ப்பு எழுதுகிறார்கள். தொடர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது என் எண்ணம். அதேபோல் 'டிராகன் பால் ஏஎஃப்' என்று ஜிடிக்கு அடுத்த பாகம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளி முடியோடு ஒரு ரசிகர் வரைந்த படம் 1990களின் கடைசியில் ஸ்பெயின் வீடியோ கேம் பத்திரிகை ஒன்றில் வந்து, கைமாறிக் கைமாறி வதந்தியானதுதான் அது.

கடைசியாக வரிசை. பானின் பேரனான கோகு ஜூனியரைப் பற்றிய தொலைக்காட்சிச் சிறப்புப் படம் ஒளிபரப்பானது 1997 மார்ச் 26இல், தொடர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது. ஒளிபரப்பு வரிசைதான் சரி என்று அதை 41க்கும் 42க்கும் நடுவில் பார்த்தால், நூறு வருடம் கழித்துப் பான் பாட்டியாகியிருப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டுவிடுவீர்கள். 64ஐயும் முடித்து, அந்தப் பாட்டு அடங்கிய பிறகு, பாட்டியைக் காப்பாற்ற நான்கு நட்சத்திர உருண்டையைத் தேடி மலையேறும் அந்தப் பயந்தாங்கொள்ளிப் பையனைப் பாருங்கள்.